முப்பத்தொரு படிக்கு ஒரு எஸ்டிமேட்

ஜொகூரில் எங்கள் வீட்டுக்கு முப்பத்தொரு படி. வீடு மேட்டில், தெருக்குழாய் கீழே. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் படிகளை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடவைகூட எண்ணாமல் ஏறியதில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளுக்கு அந்த எண்ணிக்கைதான் துணை. பன்னிரண்டாவது படியில் நின்று கை மாற்றிக்கொள்வேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத சமயம், பத்தொன்பதாவது படியில் பாசி வழுக்கி விழுந்தேன். அப்போது ஐந்து மாதம். பிள்ளை தங்கவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவுமில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடியும் தகரத்தைத் தூக்கினேன். வேறு யார் தூக்குவது? என் கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும் பீப்பாயை நிரப்பி வைப்பார், அது செவ்வாய்க்கிழமை வரை தாங்கும். வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார் ஒருவர்தான். அவருக்குக் குடலிறக்கம், ஒரு சொம்புக்கு மேல் தூக்கக் கூடாது. கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். கூலிக்கு வருகிறவன் அரிசி கேட்டான். அரிசி இருந்தால் நாங்கள் ஏன் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்கிறோம்?

அடுத்த வருஷம் மறுபடியும் உண்டானேன். சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் படிகள்தான். வயிறு பெரிதாவதற்குள் தண்ணீர் மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும் என்று மனதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

தண்ணீர் மேலே வராத வீடு அல்ல அது. சண்டைக்கு முன்னால் குளியலறைக்குள்ளேயே குழாய் இருந்தது. சிமெண்டுத் தொட்டி, வழவழப்பான தரை, சாக்கடை எல்லாம் ஒழுங்காக இருந்த அறை. சிங்கப்பூருக்காகச் சண்டை நடந்த அந்தச் சில நாட்களில் ஒரு குண்டு மேட்டின் சரிவில் விழுந்தது. எந்தக் கட்சிக்காரனுடைய குண்டு என்று இன்றைக்கும் தெரியாது, இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். குளியலறையின் ஒரு சுவர் சாய்ந்தது. தரை இரண்டாகப் பிளந்தது. தெருவிலிருந்து மேலே ஏறிய குழாய் மண்ணோடு பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த மாதமே மாமா ஒரு எஸ்டிமேட் எழுதினாராம். காசு சேரவில்லை, அதனால் வேலை நடக்கவில்லை என்று என் கணவர் சொல்லியிருந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கக் கட்டட வேலை ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். இருபத்தாறு வருஷம் எஸ்டிமேட் எழுதிய கை. ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவு போடுவதென்றாலும் காகிதத்தில் கோடு இழுத்து, சாமான் ஒரு பத்தி, விலை ஒரு பத்தி, மொத்தம் ஒரு பத்தி என்று எழுதுவார். அடியில் எதிர்பாராச் செலவு பத்து விழுக்காடு. எழுதியவர் கையெழுத்து இடது பக்கம். பிறகு பேனாவை மாற்றிச் சிவப்பு மையில் வலது பக்கம் இன்னொரு கையெழுத்து. கேட்டுப்பார்த்தேன்.

"எழுதுறவன் வேற, சேங்ஷன் கொடுக்கிறவன் வேறம்மா."

"ரெண்டும் நீங்கதானே மாமா?"

"ஆளு ஒண்ணுதான். பொறுப்பு ரெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் ரப்பர்த் தோட்டத்துப் பெண். எங்கள் லயத்தில் கதவு பிய்ந்தால் அப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்து அடித்துவிட்டுப் போவார். ஒரு கதவுக்கு இத்தனை காகிதமா என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். மனிதர்கள் எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு அப்போதே ஒரு ருசி உண்டு.

நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த வாரம் மாமா பேனாவுக்கு மை ஊற்றினார். காகிதத்தை எடுத்தார். சுவர், தரை, சாக்கடை, அரை அங்குலக் குழாய் அறுபத்தாறு அடி, வளைவுக்கு முட்டி இரண்டு, திறந்து மூடப் பைப்புத் தலை ஒன்று, சுற்றுவதற்குச் சணல், பூசுவதற்குச் சாயம். மொத்தம் இருநூற்றுப் பத்து வெள்ளி. முழுத்தொகையும் கையில் வந்த பிறகுதான் மண்ணில் மண்வெட்டி இறங்கவேண்டும் என்பது அவர் ஆபீஸ் சட்டம். பாதி வேலையில் காசு தீர்ந்து நின்ற பாலங்களையும் படித்துறைகளையும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். காசைப் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் தகரம். தகரம் என் பொறுப்பு, கணக்குப் பார்ப்பது அவர் பொறுப்பு.

மாதாமாதம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுகளாகத் தகரத்தில் போட்டோம். இரண்டு மாதம் கழித்து விலை கேட்டுவரச் சொல்லி மாமா என்னைப் பைப்புக்காரரிடம் அனுப்பினார். சண்டைக்கு முன்பு நகரத்துக் குழாய் வேலையெல்லாம் பார்த்த தமிழர் அவர். பாசார்ச் சந்தைக்குப் பின்னால் இருந்தார். ஆளில்லாமல் கிடந்த துரைமார் பங்களாக்களிலிருந்து கழற்றிய குழாய்களை ஆறாறு அடியாக வெட்டிக் கோழிக்கூண்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

"அண்ணே, அரை இஞ்சு பைப்பு ஒரு துண்டு எவ்வளவு?"

"இன்னிக்கா, நாளைக்கா?"

"இன்னிக்குத்தான்."

"இன்னிக்குன்னா பதினெட்டு வெள்ளி. நாளைக்கு வந்தா நாளைக்குக் கேளு தங்கச்சி."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா பழைய எஸ்டிமேட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முந்நூற்றுத் தொண்ணூறு. சிவப்பு மையில் சேங்ஷன். தகரத்தில் அன்று நூற்றுச் சொச்சம்தான் இருந்தது. முன்னே இருநூற்றுப் பத்துக்கு நூறு வெள்ளி குறைச்சலாக இருந்தோம், இப்போது முந்நூற்றுத் தொண்ணூறுக்கு இருநூற்று எண்பது குறைச்சல். இரண்டு மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்து, புறப்பட்ட இடத்துக்கும் பின்னால் போயிருந்தோம்! எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. தண்ணீர் தூக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இதையும் யோசித்தேன்.

மறுபடியும் பைப்புக்காரரிடம் போனேன், இந்தத் தடவை மாமா அனுப்பாமல்.

"நீங்க வாங்குற காச என்னாண்ணே பண்றீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், ஜப்பான்காரன் போலீசு கேம்பேத்தாய்ல வேல பாக்குறியா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தாண்ணே."

"காச வச்சு என்னா பண்றது? வாங்குன அன்னிக்கே உப்பாவோ துணியாவோ மாத்திருவேன். ராத்திரி தங்க விடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்றே சனங்கள் கடைக்கு ஓடுவார்கள். அதைச் சிக்கனம் இல்லாத புத்தி என்று கல்யாணமான புதிதில் மாமா சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன். இந்தக் காலத்துக்கு அந்தப் புத்திதான் சரி. தகரத்தில் வைத்தால் காசு இளைக்கிறது. குழாயாக வாங்கி வைத்தால் ஆறடி என்றைக்கும் ஆறடிதான்.

அன்றைக்கே வீட்டுக்கு ஓடி, தகரத்திலிருந்து மாமா சந்தேகப்படாத அளவுக்கு, ஒரு துண்டுக்கு மட்டும் பதினெட்டு வெள்ளி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குள் இருபது என்றார். கொடுத்துவிட்டு, குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். படியேறும்போது வழக்கத்தைவிடக் கனம் குறைவாகத்தான் இருந்தது.

மாமாவிடம் சொல்லவில்லை. சேங்ஷன் இல்லாமல் வாங்கிய சாமானை எங்கே ஒளிப்பது? பின்பக்கம் துணி காயப்போட இரண்டு மூங்கில் கழி உண்டு. ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் குழாயைக் கட்டினேன். அடுத்த சம்பளத்தில் இரண்டு, அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு. ஏழாம் மாதம் நெருங்கும்போது என் கொடியில் ஐந்து குழாய்களும், அடுப்பங்கரையில் வெங்காயக் கூடைக்குள் ஒரு பைப்புத் தலையும் இருந்தன. மாமா தினமும் தன் வேட்டியை அந்தக் குழாயில்தான் உலர்த்தினார். அறுபத்தாறு அடிக் குழாய்க்கு ராப்பகலாகக் கணக்குப் போட்ட மனிதர், கையில் தொட்ட முப்பதடிக் குழாயை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தகரத்தைக் கேட்டார். கொடுத்தேன். உள்ளே ஒன்பது வெள்ளி இருந்தது.

"காசு எங்கம்மா?"

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கொடியைக் காட்டினேன். துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். நுனியில் மரை வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"யாரு சேங்ஷன் கொடுத்தா?"

"நான்தான் கொடுத்தேன்."

"மிச்ச வேலைக்குக் காசுக்கு எங்க போவே? சுவரு? தரை? பாதி பைப்ப வச்சிக்கிட்டு என்னா செய்யறது?"

எனக்கும் பொறுக்கவில்லை. அதுவரை அவர் முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை.

"எனக்குச் சுவரு வேணாம் மாமா. தரை வேணாம். தண்ணி வேணும். இன்னொரு புள்ளைய அந்தப் படியில விட என்னால முடியாது."

என் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அப்பாகிட்ட என்ன பேச்சு இது?" என்றார். மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உள்ளே போனார். தன் பழைய ஆபீஸ் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். தெருக்குழாயிலிருந்து மேல்படி வரைக்கும் அளந்தார். நாற்பத்திரண்டு அடி. அங்கிருந்து குளியலறைத் தொட்டிக்கு இன்னும் இருபத்து நான்கு. அளந்ததைக் காகிதத்தில் எழுதாமல் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாமா ஆள் விட்டுக் கூப்பிட, பைப்புக்காரர் வந்தார். எடுத்த எடுப்பில் ஒரு குண்டைப் போட்டார். "கிராணி ஐயா, இப்பல்லாம் தண்ணிக்கு முந்தி மாதிரி வேகம் இல்ல. மேல ஏறுமான்னே சந்தேகம்."

மாமா அசந்துபோனார். இரண்டு வருஷமாக எழுதிய எந்த எஸ்டிமேட்டிலும் தண்ணீர் ஏறுமா என்ற கேள்விக்குப் பத்தி இல்லை.  எனக்கோ கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முந்தி எப்படிண்ணே ஏறுச்சு? தண்ணி கீழதானே ஓடும்?"

"தொட்டி அந்தாண்ட மேட்டுல, இதவிட ஒசரத்துல இருக்கு. அங்கேருந்து தள்ளும். இப்ப தொட்டியும் பாதிதான் ரொம்புது, நடுவுல ஒழுக்கும் ஜாஸ்தி."

கடல்மேல் போகும் பாலத்தை ஒட்டி அண்டா அகலத்துக்குப் பெரிய குழாய்கள் சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஜொகூர்த் தண்ணீர் கடலைத் தாண்டி ஊர்விட்டு ஊர் போகிறது, என் வீட்டு முப்பத்தொரு படி ஏறுவதற்கு அதற்கு மூச்சு வாங்குகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏறுமான்னு பைப்பு போடாமலே பாக்க முடியாதாண்ணே?"

முடியும் என்றார். ஏதோ பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ரப்பர் குழாயை மத்தியானம் கொண்டுவந்தார். ஒரு முனையைத் தெருக்குழாயின் வாயில் செருகி, கோணித்துணியால் இறுகக் கட்டினார். மறுமுனையை என் கையில் கொடுத்தார். நான் படியேறினேன். அன்றைக்குத்தான் அந்தப் படிகளைத் தகரமில்லாமல், தண்ணீர் என் கூடவே வர, நிதானமாக ஏறினேன். மாமா எனக்குப் பின்னால், நான் விழுந்தால் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டாவது படியில் தண்ணீர் வேகமாகக் கொட்டியது. பத்தொன்பதில் கொட்டியது. இருபத்தைந்தில் மெலிந்தது. முப்பத்தொன்றில் குழாயைத் தரையோடு வைத்தேன். சுண்டுவிரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குத் தூக்கினேன், அப்போதும் வந்தது, நூலாக. இடுப்புக்குத் தூக்கினேன், நின்றுவிட்டது. இறக்கினால் வருகிறது, ஏற்றினால் நிற்கிறது! குழந்தை மாதிரி அதையே நாலைந்து தடவை செய்துபார்த்தேன்.

குளியலறைத் தொட்டியின் விளிம்பு என் மார்பு உயரம். அங்கே குழாய் போட்டிருந்தால், அத்தனை வெள்ளியையும் கொட்டி வேலையை முடித்திருந்தால், சிவப்பு மையில் எழுதிய அத்தனையும் நிறைவேறியிருந்தால், ஒரு சொட்டு வந்திருக்காது. மாமா மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நூல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேயே நிறுத்திரலாமா ஐயா? இந்தப் படியில, தரையோட?" என்று பைப்புக்காரர் கேட்டார்.

"நிறுத்து" என்றார் மாமா.

நாற்பத்திரண்டு அடிக்கு ஏழு துண்டு வேண்டும், என்னிடம் ஐந்துதான் இருந்தது. மிச்சம் இரண்டுக்குப் பைப்புக்காரர் காசு வேண்டாம் என்றார். துணி கேட்டார். அந்த நாளில் கடையில் துணி ஏது? என் கல்யாணச் சேலையை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் மாமா தன் ஆபீஸ் கால்சட்டையோடு வெளியே வந்தார். வெள்ளை டிரில் துணி, கஞ்சி போட்டு மடித்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் ஆபீஸ் போக வைத்திருந்தது. பைப்புக்காரர் அதை விரித்து, இடுப்பில் வைத்துப் பார்த்து, அங்கேயே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. மரையில் சணலைச் சுற்றி, சிவப்புச் சாயம் பூசி, துண்டுக்குத் துண்டு முறுக்கினார். நான் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சணல் ஏன் என்று கேட்டேன். நனைந்தால் ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்றார். எட்டாம் மாதம் பிறந்திருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மேல்படியோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பைப்புத் தலையைப் பூட்டினார். அதன் கீழே வாளி நிற்காது என்று மாமாவே மண்வெட்டி எடுத்து ஒரு சின்னப் பள்ளம் வெட்டினார். குடலிறக்கம் இருக்கிறதே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

திறந்தேன். முதலில் காற்று வந்தது, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளி நிறையப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் நான் அங்கே சும்மா நின்றேன், கீழே போகவேண்டியதில்லை என்பதை உடம்பு நம்பவில்லை.

பைப்புக்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மாமா பள்ளத்தின் ஓரம் குந்தியிருந்தார். நிரம்பிய வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"குண்டு விழுந்ததும் எழுதுன எஸ்டிமேட்டுல பைப்பு வேலைக்கு மட்டும் இருபத்தாறு வெள்ளிம்மா. பழைய நல்ல காசு. சுவரு, தரை, சாக்கடை எல்லாம் சேர்த்துத்தான் அறுபதுக்கு மேல போச்சு."

"அவங்க சொன்னாங்க மாமா, காசு சேரலன்னு."

"அறுபது சேரல." வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "இருபத்தாறு இருந்துச்சு. என் கையில இருந்துச்சும்மா. மொத்தமும் வரட்டும்னு வச்சிருந்தேன். நீ விழுந்த அன்னிக்குக்கூட அந்தக் காசு பெட்டியிலதான் இருந்துச்சு."

பரவாயில்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். வயதானவர், அழுதுகொண்டிருந்தார், அப்படிச் சொல்வதுதான் மரியாதை. எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை. இருபத்தாறு வெள்ளி என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த கோபத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் யார் மேலும் வந்ததில்லை. அதே சமயம், ஒரு வருஷத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொல்லாமல் என்னோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, எப்படி முடிந்தது என்றும் நினைத்தேன். நான் வாளியை எடுக்கக் குனிந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். தூக்கக் கூடாது என்று நான் தடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து மகள் பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டத் தினமும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது மாமாதான். எத்தனை நேரமானாலும் வாளி நிறையும் வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். நான் அவரிடம் பழையபடி பேச ஆரம்பித்தபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது.